மதுரை இழந்த உச்சி

எரியோட்டுச் சமவெளியில் நிற்பவருக்குக் கரந்தமலையே பெருமலையாகத் தோன்றினாலும், உயரம் என்பது பார்ப்பவர் காலடியிலிருந்தன்றிச் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து, அதாவது அலையேற்ற இறக்கங்களின் நடுமட்டத்திலிருந்து, அளக்கப்படுவதால், திண்டுக்கல் மாவட்டத்தின் உச்சி என்னும் பட்டத்துக்குக் கேரள எல்லையோரம் 2,500 மீட்டரைத் தாண்டி நிற்கும் வந்தரவு போன்ற கொடைக்கானல் முடிகளே போட்டியிடுகின்றன. அப்போட்டியில் இறுதித் தீர்ப்பு வழங்குவது அளவைக் கருவியன்று, அரசாணையே. 1985 செப்டம்பர் 15இல் மதுரையைப் பிரித்துத் திண்டுக்கல் மாவட்டம் அமைக்கப்பட்டபோது, ஓர் அங்குலமும் நகராத கொடைக்கானல் மலை ஒரே நாளில் மதுரையின் கைவிட்டுப் போயிற்று. மாநில அளவிலும் இதே கதைதான்: 1956 மாநில மறுசீரமைப்பில், ஆனைமுடி நிற்கும் தேவிகுளம் கேரளத்துக்குப் போகாமல் தமிழகத்தோடு சேர்ந்திருந்தால், 2,637 மீட்டர் தொட்டபெட்டா மாநிலத்தின் முதல் உச்சி என்னும் இடத்தை 2,695 மீட்டர் ஆனைமுடியிடம் இழந்திருக்கும். பள்ளிப் பாடநூலும் பொது அறிவு வினாத்தாளும் விடையை மாற்றும் தொல்லையிலிருந்து தப்பின.