சாயம் வெளுத்த கதை

மாசி மகத் தேருக்கென்று கனடாவிலிருந்து வந்த அக்கா மகன், பெட்டிகளோடு ஒரு முதுகுப்பையையும் கொண்டுவந்தான். யாரையும் தொட விடவில்லை. உள்ளே இருந்தது பரசூட். 13,000 அடியிலிருந்து குதிப்பது அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு.

"மாத்தளையில எங்கடா குதிக்கப் போற?"

"இங்க இல்ல மாமா, திரும்பிப் போறப்ப துபாய்ல."

மறுநாள் அவன் தூக்கத்தில் இருக்கும்போதே அக்கா பையை மொட்டை மாடிக் கொடியில் போட்டுவிட்டாள். வேர்வை வாடை அடித்ததாம். மெத்தை, மிளகாய், ஊறுகாய், பரசூட் என்று எல்லாவற்றுக்கும் அக்காவிடம் ஒரே வைத்தியம்தான்: நல்ல வெயிலில் நாலு மணி நேரம்.

பதினொரு மணிக்குப் பையன் போட்ட சத்தத்தில், நான் தொப்பியை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். பை பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் 'கறுப்புப் பை' என்று அவன் பெருமையாகச் சொன்னது கோப்பித்தூள் நிறத்தில் தொங்கியது.

"ஒரு காலையில இவ்வளவு வெளுத்துருச்சா?"

"இல்ல மாமா, நாலு வருசமா வெளுக்குது. இன்னும் வெளுக்க வேணாம்னுதான் கத்துனேன்."

கங்காணியாக இருந்த எங்கள் பாட்டனின் குடை நினைவுக்கு வந்தது. வாங்கும்போது கறுப்பு. அவர் ஓய்வு பெற்றபோது வெற்றிலைச் சாற்றின் நிறம். தோட்டத்து மழைதான் கரைத்தது என்று பாட்டி சாகும்வரை நம்பினாள். பாவம், மழைமேல் வீண்பழி.

குற்றவாளி வெயில்தான். பையன் விளக்கினான். துணிக் கறுப்பு பெரும்பாலும் தனி நிறம் இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் எல்லாம் சேர்ந்து அமைத்த கூட்டணி. வெயிலின் புறஊதாக் கதிர் சாய மூலக்கூறுகளின் பிணைப்புகளை உடைக்கிறது. காற்றிலுள்ள ஒட்சிசனும் ஈரமும் அதற்குக் கைகொடுக்கின்றன. எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் உடைவதில்லை. நீலம் முதலில் விலகினால், மிஞ்சிய சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து பழுப்பு ஆட்சி நடத்தும். மஞ்சள் விலகினால் கத்தரிப்பூ ஆட்சி. இலங்கையில் பிறந்த எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பினாலும் நம்பலாம். கறுத்ததெல்லாம் கறுப்பென்று நம்பக் கூடாது.

"அவ்வளவு உயரத்துல சூரியனுக்குக் கிட்டப் போனா வெளுக்காதா பின்ன?" என்றாள் அக்கா.

அங்கேதான் வேடிக்கை. உயரத்தில் புறஊதாக் கதிர் கூடுதல்தான். ஆயிரம் மீற்றருக்குச் சுமார் பத்து வீதம் ஏறும். ஆனால் அவன் விழுவது ஒரு நிமிடம், பரசூட் விரிந்து மிதப்பது ஐந்தாறு நிமிடம். மிச்ச நேரமெல்லாம் பை கிடப்பது புல்தரையில், காரின் பின்கண்ணாடிக்குக் கீழே, இப்போது அக்காவின் கொடியில். வானத்தில் பறக்கிற சாமான் வெளுப்பது தரையில்தான்.

நிறம் போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. அதே வெயில் நைலோன் இழையையும் மெல்ல மெல்லப் பலவீனமாக்கும். அமெரிக்காவில் நைலோன் அவசரப் பரசூட்டை 180 நாளுக்கு ஒருமுறை, உரிமம் பெற்றவர் பிரித்துப் பார்த்து மடித்துக் கட்ட வேண்டும் என்பது சட்டம். பாட்டன் குடை பிய்ந்தால் நனைவதோடு சரி. இது அப்படி இல்லை.

"வெளுக்காத கறுப்பே கிடையாதாடா?" என்றேன். தொண்டை ஏன் கம்மியது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

இருக்கிறது. நெய்த துணியைச் சாயத்தில் முக்காமல், ரொட்டி மாவில் உப்பைப் பிசைவதுபோல, இழையாக இழுக்கும் முன்பே கரித்தூளைக் கலந்துவிட வேண்டும். கரி லேசில் அசையாது. இதற்குக் கனடாவரை போவானேன்? ஊருக்கு வடக்கே அளுவிகாரையில் ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும். புத்தரின் போதனைகள் முதன்முதலில் ஏட்டில் ஏறியது, கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், அங்கேதான் என்பது மரபு. இன்னும் வடக்கே போனால் சிகிரியா. ஐந்தாம் நூற்றாண்டுக் காசியப்பன் காலத்துப் பெண்கள் காவியும் மஞ்சளுமாக இன்றும் பளிச்சென்று நிற்கிறார்கள். மண்ணிலும் கல்லிலும் எடுத்த நிறங்கள் அவை. நான் பார்த்த மட்டில் அவர்கள்மேல் நீலம் இல்லை. கூட்டணியைவிட்டு எது முதலில் ஓடும் என்று ஓவியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தேரன்று முத்துமாரியம்மன் கோயில் வாசலில் நல்ல வெயில். ஐந்து தேரும் அசைந்து வந்தன. அம்பாளுக்கு முன்னால் தொப்பியோடு நிற்க முடியுமா? சட்டையைக் கழற்றினேன்; வேறு வழியில்லாமல் தொப்பியையும் கழற்றினேன். போன மாதம் 'இயற்கைக் கறுப்பு' என்று எழுதிய பெட்டியை நம்பி, கதவைச் சாத்திக்கொண்டு தலையில் பூசியது எனக்கும் அம்பாளுக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

பையன் தேரைப் பார்க்கவில்லை. என் தலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாமா," என்றான் மெதுவாக, "நீலம் விலகிருச்சு போல."

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையை மூடிக்கொண்டேன். நல்லவேளை, துண்டு வெள்ளை.