பேரமும் இதயத் தாளமும்

கேள்வி: பைபாஸ் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கும் என் மாமனாரின் மார்பில் ஒட்டியுள்ள கருவி, அவருடைய இதயத் துடிப்பை வைத்தியருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறதாம். எங்கள் சந்தையில் அவர் பேரம் பேசினால் அது என்ன சொல்லும்?
- ஒரு வாசகி, சரோஜினி நகர், புது தில்லி

பதில்: அவர் கேட்கும் விலையைச் செவிமடுக்கும் வியாபாரியின் மார்பிலன்றோ அதை ஒட்டவேண்டும்! பரிகாசம் நிற்க. 1940-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நார்மன் ஹோல்ட்டர் இதே கைங்கரியத்துக்கென்று நிர்மாணித்த யந்திரம் ஏறக்குறைய 38 கிலோ எடையுடன் முதுகை அழுத்திற்று என்பதை அறிந்தால், சில கிராம் ஒட்டைச் சுமக்கத் தங்கள் மாமனார் முணுமுணுக்கமாட்டார். இதய அறுவைக்குப் பின் மேலறைகள் தாளம் தப்பித் துடிப்பது அபூர்வமன்று. பெரும்பாலும் முதல் சில தினங்களிலேயே தலைகாட்டும் அக்கோளாறு, சிலருக்கு வீடு சேர்ந்த பின்னரும் யாதொரு அறிகுறியுமின்றி வந்துபோவதுண்டாகையால், இரத்தம் உறைந்து மூளையைத் தாக்குமுன் அதைக் கண்டுகொள்வதே இவ்வொட்டின் பிரயோஜனம். பேரத்தில் துடிப்பு துரிதமடைவது சகஜம். துரிதம் வேறு, தாளப்பிழை வேறு என்பதைப் பதிவே காட்டிவிடும். கூட்டத்தில் இடிபட்டு ஒட்டு அசைந்தால் மட்டும் பொய்க்குறிகள் விழும். ஆனால், அறுத்த மார்பெலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் வேண்டுமாதலாலும், அதை இக்கருவி கவனிப்பதில்லையாதலாலும், விலையை அவர் குறைக்கட்டும், பைகளைத் தாங்கள் தூக்குங்கள்.