குறியீட்டில் ஏறாத பங்கார்

உலகப் பொருளாதாரம் சரியும்போது ஒரு வளரும் நாடு எவ்வளவு ஆட்டம் காணும் என்பதை ஒற்றை எண்ணில் அடக்கிவிடலாம் என்னும் நம்பிக்கையில் பிறந்ததே பாதிப்புக் குறியீடு. ஏற்றுமதி எத்தனை பொருள்களுக்குள் முடங்கியிருக்கிறது, உலகச் சந்தையிலிருந்து நாடு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பன போன்ற கூறுகளை ஐக்கிய நாடுகள் அவை இதற்காகக் கூட்டிக் கழிக்கிறது. மால்ட்டாவின் பொருளியலாளர் லினோ பிரிகுக்லியோ இவ்வகையில் கணக்கிட்டபோது, செல்வம் கொழிக்கும் சிங்கப்பூர் நொய்ந்த நாடாகத் தெரிந்தது. உடனே ‘மீள்திறன்’ என்னும் இன்னோர் அளவுகோல் துணைக்கு அழைக்கப்பட்டது.

தொலைவு என்னும் குறை மும்பையின் குடிசைப் பகுதியான தாராவிக்கு இல்லை. மித்தி ஆற்றுக்கு அப்பால் பாந்த்ரா–குர்லா வளாகத்தின் வங்கிக் கட்டடங்கள் கண்ணுக்கெட்டும் தூரத்திலேயே நிற்கின்றன. 2008 ஜூலையில் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், செப்டம்பரில் நியூயார்க்கின் லேமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தபின், டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே இறங்கியது. எண்ணெய் மலிந்தால் புதுப் பிளாஸ்டிக் மலியும், அது மலிந்தால் பழையதை உருக்கி விற்பவருக்கு விலை கிடைக்காது என்பதால், ‘பங்கார்’ எனப்படும் பழைய சாமான் தொழில் குவிந்துள்ள தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டுக்கு நியூயார்க் வந்து சேர ஆய்வறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. ஆயினும் இத்தொழிலில் பெரும்பகுதி எந்தப் பதிவேட்டிலும் ஏறாதது. ஏறாதது சரியவும் முடியாது என்பது புள்ளியியலின் பெருந்தன்மை. நாட்டின் உறுதிப்பாட்டைப் பாராட்டும் செய்தித்தாளும் கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறது, கிலோக் கணக்கில்.