மாவுப் பானையில் பாகப்பிரிவினை: பாக்டீரியாவுக்கு ஒரு கையேடு

உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டு மலையடிவார ஊரான ராயகிரியில் ஒரு வீட்டு மாவுப் பானைக்குள் வந்து சேர்ந்த லியூகோனாஸ்டாக் மெசென்டராய்டிஸ் அவர்களே! விடிந்தால் இட்லி. மாவு பொங்க உங்கள் குடும்பம் பெருகியாக வேண்டும். ஜாதகம், பெண் பார்ப்பது, மண்டபம் எதுவும் தேவையில்லை. பாகப்பிரிவினை ஒன்றே போதும்.

1. முதலில் சாப்பிடுங்கள். மாவின் சர்க்கரையைத் தின்று உடம்பை இருமடங்காக்குங்கள். சொத்துச் சேராமல் பங்கு போட்டால் ஆளுக்கு அரைவயிறுதான்.

2. பத்திரத்தை நகலெடுங்கள். ஊரில் நிலத்தைப் பாதியாக அளப்பார்கள். வளையமான உங்கள் டிஎன்ஏவை அப்படி வெட்டினால் இருவருக்கும் வாழ்வில்லை. ஓரிடத்தில் தொடங்கி இரு பக்கமும் படியெடுங்கள். ஆளுக்கொரு முழுப் பத்திரம் சேர வேண்டும். அவசரக்காரர்கள் ஈ.கோலை என்ற பாக்டீரியாவிடம் பாடம் கேட்கலாம். முழு நகலுக்கு அதற்குச் சுமார் 40 நிமிடமாகும். ஆனாலும் வசதியான இடத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். முதல் நகல் முடியுமுன்பே அடுத்ததைத் தொடங்கிவிடுவதுதான் சூட்சுமம். பேரன் பங்குக்கு இன்றே எழுத்து வேலை!

3. வரப்பு போடுங்கள். எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம் உடம்பின் நடுவே வளையமாகத் திரளும். அங்கிருந்து சுவர் உள்நோக்கி வளர்ந்து மூடிக்கொள்ளும். சர்வேயர் வரமாட்டார்.

4. மூத்தவர் யார் என்று சண்டை வேண்டாம். பிரிந்த இருவரும் ஒரே வயது. பெற்றவர் எங்கே என்றால், இருவருமே அவர்தான். சாவு வீடும் இல்லை, பதினாறாம் நாள் விசேஷமும் இல்லை. பக்கத்தில் ஈஸ்ட் இருந்தால் அதைப் பார்த்துப் பழகாதீர்கள். அது மொட்டு விட்டுச் சின்னப் பிள்ளை பெற்று, தழும்போடு திரியும். உங்கள் வம்சத்தில் பாகம் பிரிந்தபின்னும் ஜோடியாக, சங்கிலியாக ஒட்டிக்கொண்டு கிடப்பார்கள். கூட்டுக் குடும்பம் என்று சொல்லிச் சமாளியுங்கள்.

5. கணக்கைப் பார்த்து மயங்காதீர்கள். மணிக்கொரு முறை என்றாலும் ராத்திரி 8 மணிக்கு ஒற்றை ஆளாக இருந்தவர் காலை 6 மணிக்கு 1,024 பேர். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, தடையே இல்லாமல் என்றால் இரண்டே நாளில் பூமியின் எடையைத் தாண்டலாம். நடக்காது. சர்க்கரை தீரும், நீங்கள் கக்கும் லாக்டிக் அமிலமே இடத்தைப் புளிக்கவைத்து உங்கள் கையைக் கட்டும். அதற்குள் நீங்கள் விட்ட கரியமில வாயு உளுந்தின் கொழகொழப்பில் சிக்கி மாவைத் தூக்கியிருக்கும். வீட்டுக்காரர்களுக்கு வேண்டியது அதுதான்.

6. சாரல் காலத்தில் பதறாதீர்கள். மலையடிவாரத்தில் காற்று குளிர்ந்தால் பங்கு போடுவதும் தாமதமாகும். "மாவு பொங்கவே இல்லையே" என்ற பேச்சைக் காதில் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இட்லிக் கொப்பரைக்குப் போகும் மாவில் ஏறாதீர்கள். அந்த ஆவியில் பாகம் கேட்க ஆள் மிஞ்சாது. பழைய மாவென்று எடுத்து வைக்கும் கரண்டியில் இடம் பிடியுங்கள். அடுத்த முறை மாவாட்டும்போது புதுப் பானையில் நீங்கள்தான் மூதாதை.