ஃபாரத்துக்குப் பின்னால நடம்மா

ஏம்மா கண்ணு, ஆபீஸ்ல வேலை எப்படிப் போகுதுன்னு படம் வரையற பொறுப்பு உன் தலையில விழுந்திருக்காமே? சந்தோஷம். எந்த யூனிவர்சிட்டின்னு தாத்தா எழுத மாட்டேன். துரியான் துங்கால்ல ஒண்ணு, ஆயர் குரோ பக்கம் ஒண்ணு, அலோர் காஜால ஒண்ணுன்னு மலாக்காவுல இருக்கு. எதுன்னு நம்ம தங்கா பத்து ஊர்க்காரங்க மண்டையை ஒடைச்சுக்கட்டும்.

எதுவும் மாறக்கூடாதுன்னா அதுக்கு வழி சுலபம். ஏர்கோன் ரூம்ல மீட்டிங் போடு. நாசி லெமாக்கும் தே தாரிக்கும் வரவழை. பெரிய ஆபீசர் சொல்லச் சொல்லக் கட்டம் கட்டமா வரை. அவர் நெனப்புல ஃபாரம் எப்படி ஓடுதோ அப்படியே அழகா வந்திடும். கலர் அடிச்சு, லேமினேட் பண்ணி, கவுண்டர் பக்கத்துல மாட்டு. ஆடிட் வர்ற அன்னிக்கு மட்டும் தூசி தட்டினா போதும்.

இப்படிப் படம் போடுறதைப் புதுசுன்னு யாராச்சும் சொன்னா உள்ளுக்குள்ள சிரிச்சுக்க. பிரதமர் துறை 1991லயே சுற்றறிக்கை போட்டாச்சு: இலாகாவுக்கு ஒரு வேலைமுறைக் கையேடு, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு 'பைல் மேஜா', அதாவது மேசைக் கோப்பு. சார்த்தா அலிர்ங்கிற இந்த ஓட்டப் படமும் சரிபார்க்கிற பட்டியலும் அதுக்குள்ள இருக்கணும்னாங்க. 1993ல வாடிக்கையாளர் சாசனம், 1996ல ஐஎஸ்ஓ. ஏற்பாட்டுல குத்தமே கெடையாது. ஆனா பைல் மேஜான்னு பேரு வெச்சதை அலமாரியில வெச்சுப் பூட்டினா யாரு பார்ப்பா?

இந்தப் படத்தை ஆரம்பிச்சு வெச்சவரு கோட்டு சூட்டோட பொறந்த ஆளில்ல. ஃபிராங்க் கில்பிரெத், கொத்து வேலையில கத்துக்குட்டியா சேந்தவரு. செங்கல் வெக்கிறவன் எத்தனை தடவை குனியிறான், கை எங்கெல்லாம் வெட்டியா அலையுதுன்னு பார்த்துப் பார்த்து வேண்டாததை வெட்டினவரு. 1921ல அவரும் சம்சாரம் லில்லியனும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்து முன்னால இந்தப் படத்தை வெச்சாங்க. 1947ல அந்தச் சங்கம் குறிகளை அஞ்சா அடக்கிடுச்சு: வேலைக்கு வட்டம், நகர்றதுக்கு அம்பு, சோதனைக்குச் சதுரம், காத்துக்கிடக்கிறதுக்கு டி எழுத்து, எடுத்து வெச்சுப் பூட்டுறதுக்கு முக்கோணம். நம்ம ஆளுங்க வட்டத்தையும் சதுரத்தையும் பெருசா போடுவாங்க. டி எழுத்து வர்ற எடத்துல மட்டும் பேனாவுல மை தீந்துடும்.

ரப்பர்த் தோட்டத்துல பால் கொறைஞ்சா தண்டல் ஆபீஸ்ல உக்காந்து படம் போட மாட்டான். மரத்துலேருந்து மங்கு, மங்குலேருந்து வாளி, வாளிலேருந்து ஸ்டோருன்னு பாலுக்குப் பின்னாலயே நடப்பான். எங்க சிந்துது, எங்க வெயில்ல நின்னு உறையுதுன்னு கண்ணால பார்ப்பான். நீயும் ஒரே ஒரு ஃபாரத்துக்குப் பின்னால நட.

படிச்சு முடிச்ச பையன் ஒருத்தன் கட்டின முன்பணத்தைத் திருப்பிக் கேக்குறான்னு வெச்சுக்க. லைப்ரரியில ஒரு சாப்பு, ஹாஸ்டல்ல ஒரு சாப்பு, ஃபக்கல்டியில ஒரு கையெழுத்து, அப்புறம் காசு குடுக்கிற பெண்டஹாரி ஆபீஸ். தட்டுல எப்ப விழுந்துச்சு, எப்ப எடுத்தாங்க, எடுத்த கையோட எத்தனை நிமிஷம் பார்த்தாங்கன்னு குறிச்சுக்க. சாப்பு குத்த அரை நிமிஷம் ஆகும். அது வரைக்கும் ஃபாரம் தட்டுல கெடந்து தூங்கும். ஏன் தூங்குதுன்னு அங்க இருக்கிற கிராணியம்மாகிட்ட மெதுவாக் கேளு, ஆபீசர்கிட்ட கேக்காத. "அவர் கோலாலம்பூர் போயிட்டாரு, சாப்பு அவர் டிராயர்ல இருக்கு" அப்படின்னு சொல்வாங்க. எந்த சார்த்தா அலிர்லயாவது டிராயரை வரைஞ்சு பார்த்திருக்கியா?

இன்னொண்ணும் கேட்டு வை: இந்த சாப்பு இதுவரைக்கும் யாருக்காவது 'முடியாது'ன்னு சொல்லியிருக்கா? சொன்னதே இல்லேன்னா அது சோதனை இல்ல, மரியாதை. மரியாதையை ஒரு கும்பிடுல முடிச்சுக்கலாம்.

ஆன்லைன் ஆக்கிட்டோம்னு ஒருத்தர் வருவாரு. ஃபாரத்தை எறக்கி, பிரிண்ட் எடுத்து, அதே மூணு பேர்கிட்ட சாப்பு வாங்கி, ஸ்கேன் பண்ணி ஏத்தணுமாம். அலைச்சலும் குறையல, பிரிண்ட் காசும் பையன் தலையில.

ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்னு அறுநூறு வருசத்துப் பழைய யூனிவர்சிட்டி. அவங்களே 2006ல இப்படி வெட்டி அலைச்சலைக் குறைக்கிறதுக்குன்னு தனி ஆளுங்களைப் போட்டாங்க. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம மலாக்காவைப் பாரு. சுல்தான் காலத்துத் துறைமுகத்துல ஷாபண்டார்னு நாலு துறைமுக அதிகாரிங்க இருந்தாங்கன்னு போர்த்துகீசியர் தோமே பிரெஸ் எழுதி வெச்சிருக்காரு. குஜராத்திகளுக்கு ஒருத்தர், நம்ம சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய்க்கு ஒருத்தர், ஜாவா பக்கத்துக்கு ஒருத்தர், சீனா, சம்பா பக்கத்துக்கு ஒருத்தர். கப்பல்காரன் தன் ஷாபண்டாரைப் பிடிச்சா போதும். முதல் மந்திரி பெண்டஹாராகிட்ட கூட்டிட்டுப் போறது, கிடங்கு காட்டுறது, யானைக்குச் சொல்லிவிடுறது எல்லாம் அவர் பொறுப்பு. யானையையே ஒரே ஆளு ஏற்பாடு பண்ணின ஊர்ல, முன்பணம் வாங்க ஒரு பையன் நாலு மாடி ஏறணுமா?

வேண்டாத சாப்பை எடுத்துட்டா அதை வெச்சிருந்தவருக்கு முகம் தொங்கிடும். அவரையே முன்னால உக்கார வெச்சு, "ஐயா, இதை எடுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னு மீட்டிங்ல அடிச்சு விடு. மறுக்க மாட்டாரு, பெருமைல பூரிச்சுப் போவாரு.

படம் முடிஞ்சதும் எந்த மேசையில டி எழுத்து அதிகம்னு எண்ணிப் பாரு. அது உன் மேசையா இருந்துச்சுன்னா, மீட்டிங்குக்கு முந்தின நாளே தட்டைக் காலி பண்ணிட்டு அப்புறமா ஜெராக்ஸ் எடு.