மலைக்குப் போறியா தம்பி? பின்னால வா!

மலைக்குப் போறேன்னு சொல்லிக்கினு இருக்கியாமே தம்பி, கேள்விப்பட்டேன். பத்தாவது மாடி பால்கனியில கூடாரத்த விரிச்சுப் போட்டிருக்கற. கேளம்பாக்கம் கூட்டு ரோட்டுலேர்ந்து பார்த்தாலே ஆரஞ்சுக் கலர்ல பளிச்சுனு தெரியுது. யார் வூட்லயோ விசேஷம், பந்தல் கட்டறாங்கன்னு நெனச்சு நம்ம ஊர்க் கெழவிங்க மொய்க்குச் சில்லறை மாத்திக்கினு இருக்காங்க.

போ, போயிட்டு வா. நல்லதுதான். சிறுசேரி சிப்காட்டுல கண்ணாடிச் சுவத்துக்குள்ள நாள் முழுக்க குந்திக்கினு இருக்கற புள்ள, ரெண்டு நாள் மரத்தப் பார்த்தா கண்ணு குளிரும். ஆனா ஒரு சந்தேகம் கேக்கறேன், கோச்சுக்காத. மலைய தேடிக்கினு அம்மாந்தூரம் எதுக்குப் போற? நீ மலை மேலதானப்பா குடியிருக்கற! பல்லாவரம், பம்மல், திருசூலம் பக்கமெல்லாம் நான் சின்னப் புள்ளையில மலையா நின்னது இப்ப பள்ளமா கெடக்கு, மழைத்தண்ணி ரொம்பிப்போய். வெட்டி, வெடி வச்சு, ஜல்லியாக்கி லாரியில ஏத்திட்டாங்க. அந்த ஜல்லி எங்க போச்சுன்னு கேக்கறியா? உன் தூணுல தேடிப் பாரு. லிஃப்ட்ல பத்து மாடி ஏறுறியே, அதுவும் மலையேத்தந்தான். வழியில நாவப்பழம் பொறுக்க முடியாது, அவ்ளோதான் வித்தியாசம்.

மிச்சம் மீதி எதனா இருக்கான்னு கேட்டா, இருக்கு. நன்மங்கலத்துல காப்புக்காடு 320 ஹெக்டேர். அங்க பழைய கல்குவாரிப் பாறை இடுக்குல கொம்பன் ஆந்தை குடித்தனம் பண்ணுது. நாம மலைய வெட்டினதுக்கு நன்றி சொல்ற ஒரே ஜீவன் அதுதான். வண்டலூர்ல உயிரியல் பூங்கா, 1985ல தொறந்தது, 602 ஹெக்டேர் காடு. பாதியச் சுத்தி வந்தாலே உன் காலு ரெண்டும் சங்கம் வச்சுப் போராட்டம் பண்ணும். நடக்கறதுக்குன்னே கெளம்பி வந்துட்டு, பேட்டரி வண்டிக்கு வரிசையில நிக்கற கூட்டத்த அங்க பார்க்கலாம். செவ்வாய்க்கெழம மட்டும் போகாத, லீவு. சிங்கத்துக்கும் ஒரு நாள் உன் மூஞ்சியப் பார்க்காம இருக்கணும்னு தோணாதா?

அதெல்லாம் வேணாம், பெரிய மலைதான் வேணுங்கற. சரி. அப்ப மொதல்ல பஸ்ஸ ஒழுங்கா புடி. வெளியூர் பஸ் நிக்கறது கிளாம்பாக்கம், நீ குடியிருக்கறது கேளம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில அந்த பஸ் ஸ்டாண்டத் தொறந்ததுலேர்ந்து, பொட்டியும் கையுமா நம்ம கூட்டு ரோட்டுல எறங்கி, "திருச்சி பஸ் எங்க நிக்கும்?"னு கேக்கறவனுக்கு வழி சொல்லியே டீக்கடைக்காரருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நடுவுல வண்டலூர் ரோடு முழுசா கெடக்குப்பா. பஸ் ஸ்டாண்டையே கண்டுபுடிக்க முடியாதவன் காட்டுக்குள்ள திக்கு கண்டுபுடிப்பானாம்!

அப்பால மூட்டை. உன் லிஸ்ட்ட என் பேத்தி காட்டினா. நெத்தியில கட்ற லைட்டு, மடக்கற நாற்காலி, மடக்கற அடுப்பு, மடக்கற கைத்தடி. எல்லாம் மடங்குது, உன் முதுகுதான் மடங்காது; மொத ஏத்தத்துலயே தெரியும். பாதியக் கழிச்சுடு. தண்ணி, தொப்பி, கால்ல ஏற்கனவே பழகின செருப்போ ஷூவோ, மழைக்கு ஒரு உறை, காயத்துக்குத் துணி, தின்ன அவல் வெல்லம் — போதும். புது ஷூவ அன்னிக்குத்தான் மொதல்ல மாட்டினா, கொப்புளத்துக்கும் சேர்த்து காசு குடுத்த மாதிரி. மழை மாசத்துல வால்பாறை பக்கம் போனா அட்டை கடிக்கும். அதுக்கு ஆயிரம் ரூபா ஸ்பிரே எதுக்கு? நம்மூரு உப்பு ஒரு கைப்பிடி துணியில கட்டி எடுத்துக்க. உப்பளத்துல வரப்பு மிதிச்சவன் சொல்றேன், தொட்டா உதுந்துடும்.

அந்த பாட்டுப் பொட்டிய மட்டும் வூட்லயே வச்சுடு. காட்டுக்குள்ள அமைதியத் தேடிப் போறேங்கற, போறப்ப அதக் கொல்றதுக்கு ஆயுதத்தையும் எடுத்துக்கினு போற. யானை எங்க நிக்குதுன்னு காதுலதான் கேக்கணும். மூங்கில் முறியற சத்தம் வந்தா திரும்பி வந்துடணும். உன் குத்துப் பாட்டுல அது எப்படிக் கேக்கும்? யானைக்கு நல்லாக் கேக்கும், நீ எங்க நிக்கறன்னு. ட்ரோனும் அப்படித்தான். அனுமதி இல்லாம காட்டு மேல பறக்க விட்டா பொட்டியோட புடுங்கிக்குவாங்க.

அனுமதின்னதும் மூஞ்சி சுருங்குது பாரு! "காடு எல்லாருக்கும் பொதுதான, எதுக்குப் பர்மிஷன்?"ங்கற. உன் வூட்டுக்கு மோர் கொண்டாற என் பேத்திகிட்டயே கேட்டுல ஓடிபி கேக்கறீங்க. ரோடு பொதுதான, லிஃப்ட்டு பொதுதானன்னு அவ சண்டை போட்டாளா? காப்புக்காட்டுக்குள்ள கேக்காம நொழையறது 1882ல வெள்ளைக்காரன் போட்ட வனச் சட்டத்துலேர்ந்தே குத்தம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கார்ல போறதுக்கே 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ், ஐகோர்ட்டு உத்தரவு. மலையும் கேட்டு போட்டுக்கிச்சு தம்பி. உன்கிட்டதான் கத்துக்கிச்சு.

நல்ல சேதியும் இருக்கு. 2024 அக்டோபர் 24ல அரசாங்கம் 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சுது. 14 மாவட்டத்துல 40 வழி. எளிது, நடுத்தரம், கடினம்னு தரம் பிரிச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்லயே பதிவு பண்ணலாம், அதுலதான் நீ கெட்டிக்காரனாச்சே. ஆனா 'கடினம்'னு போட்டத மொதல்ல தொடாத. ஆபீசுல 'எளிது'ன்னு சொல்லி உன் தலையில கட்ற வேலை எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். மலைக்காரன் 'எளிது'ன்னு சொல்றதும் அப்படித்தான், அவன் காலுக்கு அளந்து சொன்னது. இன்னொண்ணு, காலையில போயி பொழுது சாயறதுக்குள்ள எறங்கற நடைதான் இது. உன் கூடாரத்த விரிக்க அங்க எடம் இல்ல. ராத்திரி தங்கியே ஆகணும்னா வனத்துறையே நடத்தற தங்குமிடமா பார்த்து எழுதி வச்சுட்டுப் போ. கண்ட எடத்துல அடுப்பு மூட்டி, நெருப்பச் சுத்தி உக்காந்து கிடார் வாசிக்கறதெல்லாம் சினிமாக்காரன் செட்டு போட்டுப் பண்றது.

நெருப்புன்னதும் கிண்டல கொஞ்சம் நிறுத்திக்கறேன். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. ஞாபகம் இருக்கா? கொழுக்குமலைப் பக்கத்துலேர்ந்து எறங்கிக்கினு இருந்த புள்ளைங்கள காட்டுத் தீ சூழ்ந்துடுச்சு. சென்னையிலேர்ந்து போனவங்க, ஈரோடு, திருப்பூர் பக்கத்துலேர்ந்து போனவங்க, 23 பேரு செத்துப் போனாங்க. உன் வயசுதான், உன்ன மாதிரியே வேலைக்குப் போற புள்ளைங்க. ஆளு உசரத்துக்குப் புல்லு, மாசி மாசத்து வெயிலு, காத்து. தீ எப்பவும் மேட்டப் பார்த்துத்தான் வேகமா ஓடும், சூடு முன்னாடி போயி மேல இருக்கற புல்லக் காய வச்சுடுது. மனுசன் பயந்தா அவனும் மேட்டப் பார்த்துத்தான் ஓடுவான். அதுல தீதான் ஜெயிக்கும். அந்த வருசந்தான் மலையேத்தத்துக்குன்னு தனியா விதிங்க கொண்டாந்தாங்க. இப்ப பிப்ரவரி நடுவுலேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் தீ சீசன்னு வழியையெல்லாம் மூடறாங்களே, அது காரணத்தோடதான். "ஆபீசுல மார்ச்சுலதான் லீவு மிச்சம் இருக்கு"ன்னு சொல்லாத. புல்லுக்கு உன் லீவு கணக்கு தெரியாது.

இத்தன பேசினதுக்கும் ஆணிவேரு ஒண்ணுதான் தம்பி. காட்டுக்குப் போறதுன்னா, அந்த எடம் தெரிஞ்சவன் ஒருத்தன் பின்னால வாய மூடிக்கினு நடக்கறது. அதுதான் உனக்குக் கஷ்டம், ஏத்தம் இல்ல. ஊர்ல காசு குடுத்தவன் முன்னால போவான், காட்டுல வழி தெரிஞ்சவன் முன்னால போவான். அந்த 40 வழியிலயும் உன்ன இட்டுக்கினு போறது பழங்குடிப் புள்ளைங்களும் மலையடிவாரத்து ஊருப் புள்ளைங்களுந்தான், வனத்துறை பயிற்சி குடுத்து நிக்க வச்சிருக்கு. அவன் கையத் தூக்கினா நீ நிக்கணும். "நெட்டுல வேற மாதிரி போட்டிருக்கே"ன்னு போன நீட்டக் கூடாது. அங்க டவரும் இருக்காது, நீட்டியும் புண்ணியமில்ல.

அவனுக்கு என்னா தெரியும்னு நெனக்காத. நம்ம ஊர்லேர்ந்து கூப்புடு தூரத்துல, வடநெம்மேலியில இருளர் பாம்பு புடிக்கற கூட்டுறவுச் சங்கம் இருக்கு, 1978லேர்ந்து. பாம்புக் கடிக்கு மருந்து செய்ய விஷம் எடுத்துக் குடுக்கறவங்க அவங்கதான். 2017ல அமெரிக்காவுல ஃபுளோரிடா சதுப்புக் காட்டுல மலைப்பாம்பு பெருகி, துரைமாருங்க தலையப் பிச்சிக்கினு இருந்தப்ப யாரக் கூப்பிட்டாங்க தெரியுமா? நம்ம செங்கல்பட்டு மாவட்டத்து வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேரையும். ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பு புடிச்சுக் குடுத்தாங்க. துரைங்க பின்னால நடந்தாங்க, நம்மாளுங்க முன்னால நடந்தாங்க. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. அவங்க கையில இருந்தது ஒரு கம்பி, தரையப் படிக்கற கண்ணு. நீ சாமான் வாங்கின கடையில அந்தக் கண்ணு விக்கறாங்களா, கேட்டுச் சொல்லு.

மொத நடைக்கு ஒரு எடம் சொல்றேன். பூண்டி பக்கம் குடியம் குகை, திருவள்ளூர் மாவட்டம், அந்த 40ல அதுவும் ஒண்ணு. அங்கெல்லாம் ஆதி மனுசன் பொழங்கியிருக்கான். 1863ல ராபர்ட் புரூஸ் ஃபுட்டுன்னு ஒரு வெள்ளைக்காரன் நம்ம பல்லாவரத்துல கல் கோடாலி ஒண்ணப் பொறுக்கினான், இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்ததுன்னு அதுலதான் தெரிய வந்துது. அதே வருசம் இந்தக் குகைப் பக்கத்து அத்திரம்பாக்கத்துலயும் கெடைச்சுது. அத்திரம்பாக்கத்துக் கல்லு 15 லட்சம் வருசத்துப் பழசுன்னு சாந்தி பப்புன்னு ஒரு அம்மா தோண்டி ஆராஞ்சு 2011ல சொன்னாங்க. ஆக, கேம்பிங் உன் கம்பெனி கண்டுபுடிச்சது இல்ல. கூடாரம் இல்லாம, பவர் பேங்க் இல்லாம ஆதி மனுசன் இங்கயே தங்கியிருந்திருக்கான். என்னா, அவன் போட்டுட்டுப் போனது கல்லு. நீ போட்டுட்டு வர்றது சிப்ஸ் கவரு. இன்னும் 15 லட்சம் வருசம் கழிச்சு எவனாவது அதத் தோண்டி எடுத்து, "இங்க ஒரு அழுக்கு இனம் வாழ்ந்துச்சு"ன்னு கண்ணாடிப் பொட்டியில வைப்பான். அந்தப் பேரு உனக்கு வேணாம், கவர மடிச்சு பையில போட்டு எடுத்தா.

இப்ப ஒரு பரிச்சை. வர ஞாயித்துக்கெழம விடியக்காலம் புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் மலைக்கு வா. சின்ன மலைதான், படி கட்டி வச்சிருக்காங்க. உன் வயசுக்கு ஒரே மூச்சுல ஏறிடுவ, அத நீ எனக்குக் காட்ட வேணாம். முன்னால நான் நடப்பேன். எனக்கு முட்டி வலி, பத்துப் படிக்கு ஒருக்கா நிப்பேன், வெத்தலை போடுவேன், வர்றவன் போறவன் கிட்ட குசலம் விசாரிப்பேன். உச்சி வரைக்கும் என்னத் தாண்டாம, கைக்கடியாரத்தப் பார்க்காம, "தாத்தா கொஞ்சம் சீக்கிரம்"னு சொல்லாம பின்னாலயே வந்துட்டீன்னா, எந்த மலைக்கு வேணா போ, நானே பஸ் ஏத்தி விடறேன். முடியலன்னா கூடாரத்த எங்கிட்ட வித்துடு. கோழி அடைக்க ஒரு எடம் தேடிக்கினு இருக்கேன், பாதி விலை தர்றேன்.