காதைக் கண்ணால் தேடுகிறவர்கள்

ரெக்கார்ட் உறையில் மறுபடியும் ஓர் ஒட்டுத்தாள். ‘அசல் மாஸ்டர் டேப்பிலிருந்து நேரடியாக’, ‘இதுவரை கேட்டிராத தெளிவு’, ‘180 கிராம்’. இதே ஆல்பத்தின் போன பதிப்பும் இதையேதான் சொன்னது, அதற்கு முந்தையதும் சொன்னது. அப்படியானால் இத்தனை வருஷம் நாம் கேட்டது யாருடைய டேப்? அதையெல்லாம் கேட்கக் கூடாது. கேட்காமல் வாங்குவதுதான் மரபு. இதையும் வாங்கத்தான் போகிறோம். எந்த ஜாஸ் ஆல்பத்துக்கு எந்த பிரஸ்ஸிங், அதாவது எந்த அச்சுப் பதிப்பு, நன்றாக ஒலிக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒரு சின்னச் சந்தேகம் தீர வேண்டியிருக்கிறது: ரெக்கார்டை நாம் காதால்தான் மதிப்பிடுகிறோமா?

சாட்சியங்கள் அப்படிச் சொல்லவில்லை. ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் பழைய ரெக்கார்ட் ஒன்று கைக்கு வந்தால் நம்மில் யாரும் முதலில் அதைச் சுழலவிடுவதில்லை. டார்ச்சை அடித்து, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரையுள்ள வழவழப்பான வளையத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறோம். ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டரின் முத்திரை இருக்கிறதா, பிளாஸ்டிலைட் ஆலை 1966 வரை அச்சடித்தவற்றில் பொறித்த அந்தச் சின்னக் குறி இருக்கிறதா என்று ஜாதகப் பொருத்தம் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். அந்தக் குறி பார்க்கக் காது மாதிரியே இருப்பதால் சேகரிப்பாளர்கள் அதைக் ‘காது’ என்றே அழைக்கிறார்கள். காதைக் கண்ணால் தேடிக் கண்டுபிடித்து, அது இருந்தால் நன்றாக ஒலிக்கும் என்று முடிவு கட்டி, அந்த முடிவுக்கு ஏற்றபடி பிறகு கேட்கிறோம். 180 கிராம் சங்கதியும் இதே ரகம். ஒலி பள்ளத்தின் சுவரில் இருக்கிறது. தட்டின் தடிமனில் இல்லை. கையில் கனக்கும்போது நம் மனசு திருப்தியாகிறது, அவ்வளவுதான்.

‘பழகிய காதை ஏமாற்ற முடியாது’ என்று ஆட்சேபிப்பீர்கள். 2022 ஜூலையில் என்ன நடந்தது என்பதை நினைவுபடுத்துகிறேன். மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் ரெக்கார்ட் மறுவெளியீடுகள் முழுக்க முழுக்க அனலாக் என்று நம்பி, கணினி தொட்ட ஒலியை ஒரு நொடியில் கண்டுபிடிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் பெரியவர்களே அவற்றைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். 2011 தொடங்கிப் பல தலைப்புகளில் இடையே ஒரு டிஜிட்டல் படி இருந்தது. அதை அம்பலப்படுத்தியது காது அல்ல. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ரெக்கார்ட் கடை வைத்திருப்பவர் ஒருவர் பேச்சை எடுத்தார். நிறுவனத்தின் பொறியாளர்களே பிறகு ஒப்புக்கொண்டார்கள். வழக்கும் வந்தது. சொன்னதை நம்பிக் காசு கொடுத்தவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் பதினோரு வருஷம் ‘இதுதான் அனலாக் ஒலி’ என்று உருகிய காதுகள், சேதி தெரிந்த மறுவாரமே அதே தட்டில் ஒரு கண்ணாடித்தன்மையைக் கேட்க ஆரம்பித்தனவே, அதற்கு எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது?

இதைவிடப் பெரிய சாட்சி ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியா ரெக்கார்ட் கம்பெனியின் முப்பதாம் தெரு ஸ்டூடியோவில் பதிவானபோது டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதனால் சரியான வேகத்தில் ஓட்டும்போது முதல் பக்கம் முழுவதும் சுருதி ஒரு துளி ஏறி ஒலித்தது. சரியாக ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பை எடுத்து இதைத் திருத்தியது 1990களில். நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் உலகமே அதைக் கேட்டு, மார்க் போட்டு, பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிட்டது. எல்லா வாத்தியமும் சேர்ந்து ஏறியதால் தெரியவில்லை என்பீர்கள். சரிதான். கூடவே ஊதிப் பார்த்த வித்துவான்களுக்குத் தெரிந்தது; சோபாவில் சாய்ந்து ‘பதிப்பு பேதம்’ கண்டவர்களுக்குத் தெரியவில்லை. இப்போது மூன்று கட்சிகள். திருத்தியதே மைல்ஸ் வாசித்தது என்பது ஒன்று. உலகம் காதலித்தது பிழையோடுதான், ஆகவே பிழையே அசல் என்பது இரண்டு. இரண்டையும் வாங்கு என்பது மூன்று. கடைக்காரர்கள் இந்தக் கட்சி. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் நெம்புகோல் உள்ள டர்ன்டேபிளில் அதை ஒரு மயிரிழை இறக்கினால் ஒரே தட்டில் இரண்டு பதிப்பும் செலவில்லாமல் கிடைக்கும் என்று யாரும் சொல்வதில்லை. அது போகட்டும், இன்னொன்று யோசியுங்கள். மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு சுழலும் மோட்டார் உள்ள டர்ன்டேபிளில், அதிர்வெண் இறங்கினால் தட்டும் மெதுவாகும். 1990களின் பற்றாக்குறைக் காலத்தில் தென்னிந்திய மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது சாதாரணம். கொலம்பியா ஏற்றிய சுருதியைத் தென்னிந்திய மின்தட்டுப்பாடு இறக்கிக் கொடுத்திருக்கும். கணக்குப்படி, மைல்ஸைச் சரியான சுருதியில் முதலில் கேட்டவர்கள் மங்கிய பல்பின் கீழே உட்கார்ந்திருந்த நெடுமங்காட்டுக்காரர்களாகவோ நாகர்கோவில்காரர்களாகவோ இருக்கலாம். அவர்களுக்கு எந்தக் கம்பெனியும் ஒட்டுத்தாள் ஒட்டவில்லை. ‘தென்னிந்திய மின்தொகுப்புப் பதிப்பு, குறைந்த அழுத்தம், வரம்புக்குட்பட்ட வெளியீடு’ என்று ஒன்று வந்தால் அதற்கும் முன்பணம் கட்ட ஆள் இருக்கிறது. முதல் ஆள் நான்தான்.

‘வித்தியாசமே இல்லை என்கிறாயா’ என்றால், இல்லை. வித்தியாசம் நிச்சயம் உண்டு. சத்தத்தை நசுக்கி உச்சத்துக்கு ஏற்றிய சில சிடிக்களைக் கேட்டால் எவருக்கும் தலை வலிக்கும். நல்ல கையில் வெட்டிய தட்டு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு பதிப்பை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்காவிட்டால், கொஞ்சம் உரக்க ஒலிப்பதே மேலானதாகத் தோன்றும் என்பது பழைய உண்மை. நம் வீட்டு மதிப்பீடுகளில் எத்தனை பேர் அளவைச் சமமாக்கி, எந்தத் தட்டு என்று தெரியாமல் கேட்கிறோம்? போதாக்குறைக்கு வயது. ஐம்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கேட்பது அரிது. விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜ் வாங்கக் காசு சேர்வதும் ஏறக்குறைய அதே வயதில்தான். சிம்பலின் நுனி ஒலியைப் பற்றி அதிகம் எழுதுவது அது கேட்காதவர்கள்.

காதின் இந்தக் குறைகளுக்கு மருந்தாகச் சிலர் பொன்முடி மலையைக் காட்டுகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து அறுபது கிலோமீட்டர், 22 கொண்டை ஊசி வளைவு, 1,100 மீட்டர் உயரம். இரைச்சல் இல்லாத மலையில்தான் ரெக்கார்டின் பின்னணிக் ‘கறுமை’யும் வாத்தியங்களுக்கு நடுவே ‘காற்றும்’ புலப்படுமாம். இரைச்சல் இல்லை என்பதை அங்குள்ள சில்வண்டுகளிடம் சொல்லிப் பாருங்கள். தகரக் கூரையில் மழை ஒரு தடவை இறங்கினால் டிரம்ஸ் சோலோவே காணாமல் போகும். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வரும் ஊரில் காகித ஸ்லீவ் எத்தனை மழைக்காலம் தாங்கும்? பூஞ்சை ஜப்பானியப் பதிப்பு, இந்தியப் பதிப்பு என்று பார்த்துத் தின்பதில்லை. டேப்பும் தப்பாது. 1970, 80களின் பல டேப்புகளில் காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிட, மிதமான சூட்டில் மணிக்கணக்காக வாட்டித்தான் மறுபடி ஓட்டுகிறார்கள். ‘அசலிலிருந்து நேரடியாக’ என்ற வாசகத்துக்கும் அசலுக்கும் நடுவே ஓர் அடுப்பே இருக்கலாம்.

கடைசி ஆட்சேபம்: ‘அசலைத் தேடுவது தவறா?’ தவறே இல்லை. தமிழனுக்கு அது பழக்கமான வேலை. பொன்முடிக்குத் தென்கிழக்கே அகத்தியர்கூடம் என்ற மலை இருக்கிறது. அகத்தியர் எழுதியதாகச் சொல்லப்படும் இலக்கணத்தில் உரைகாரர்கள் எடுத்துக்காட்டிய சில சூத்திரங்கள்தான் மிச்சம். மாஸ்டர் டேப் போயேபோய்விட்டது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் என்ன செய்தார்? எந்த ஊர்ச் சுவடி, யார் கொடுத்தது என்பதை எழுதினார். பாடபேதங்களை மறைக்காமல் காட்டினார். ‘இதுவரை வாசித்திராத தெளிவு’ என்று அட்டையில் ஒட்டவில்லை. ரெக்கார்ட் கம்பெனிகளிடம் நான் கேட்பதும் அவ்வளவே. எந்த டேப், அது எத்தனையாவது பிரதி, எந்த வேகத்தில் ஓடியது, நடுவில் கணினி உண்டா, வெட்டியது யார் என்று ஐந்து வரி அச்சடியுங்கள். கறுமை, காற்று எல்லாம் வேண்டாம். காற்றைப் பொன்முடியில் காசில்லாமலே தருகிறார்கள், அதுவும் 180 கிராமுக்குக் குறையாத ஈரத்தோடு.